பள்ளத்தில் குதித்த பாட்டு

பஸ்ஸில் எந்தப் பாட்டு எடுபடும், எது எடுபடாது என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பதினோரு வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குச் சாலவாக்கத்தில் எடுத்து, உத்திரமேரூர், வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போகிற பஸ். நாற்பத்து நாலு சீட்டு, நாற்பத்து நாலு பெண்கள். எல்லோரும் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைன் வேலை செய்கிறவர்கள். உத்திரமேரூர் வருவதற்குள்ளேயே, வழியில் இருக்கிற கிராமங்களில் பஸ் நிறைந்துவிடும்.

எனக்கு முன்னால் ரோடு, தலைக்கு மேல் பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் போதும். பாட்டு பிடித்திருந்தால் முதலில் காதிலிருந்து இயர்போன் இறங்கும். அப்புறம் தலை ஆடும். அப்புறம் கடைசி சீட்டிலிருந்து இளவரசி குரல் கொடுப்பாள். இளவரசிக்கு நாற்பத்தொரு வயது, காலேஜ் படிக்கிற மகள் இருக்கிறாள், முட்டியில் வலி இருக்கிறது, வாயில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அவள் குரல் கொடுக்காத பாட்டை நான் மறுநாள் போடமாட்டேன்.

போன வருஷத்திலிருந்து ஒன்றைக் கவனித்து வந்தேன். புதிதாக வருகிற பாட்டுகளில் ஒரு பழைய சத்தம் கேட்க ஆரம்பித்தது. பழையது என்றால் தாத்தா காலத்தது இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் வந்ததே, தும் தும் தும் தும் என்று மூச்சு விடாமல் அடிக்கிற டான்ஸ் பாட்டு, அந்தச் சத்தம்தான். கீபோர்டு கீச்சென்று மேலே ஏறும். ஒரு பெண் மெஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு பாடுவது போலப் பாடுவாள். என்ன பாடுகிறாள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. நாங்களே சலித்துப்போய்த் தூக்கிப் போட்ட சங்கதி. அதை இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் பொறுக்கியெடுத்துத் துடைத்துப் புதுப்பாட்டுக்குள் வைக்கிறார்கள்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்தில் நான் இதே ரோட்டில் மினி பஸ் கண்டக்டர். உள்ளே ஆட்டுக்குட்டியும் உரமூட்டையும் உட்கார்ந்து வரும், நான் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போவேன். யாராவது அந்தக் காலத்தைத் திருப்பிக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு, நீயே வைத்துக்கொள் என்பேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுகிர்தா இறங்கும்போது என் சீட்டருகே நின்றாள். மூன்றாவது சீட்டு ஜன்னலோரம் அவள் இடம். இருபத்து நாலு வயது. அப்பா ஆல்பர்ட் சென்ட்ரிங் வேலை, அம்மா நடவு களையெடுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் ஜெபசபையில் கீபோர்டு வாசிப்பாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு ஒரு பென்டிரைவை நீட்டினாள்.

"ணா, திங்கக்கெளம காலைல இத போடுவியா? ஒரே ஒரு பாட்டுதான் கீது."

"யாருது?"

"என்னுது."

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். பின்னால் இறங்க நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகச் சொன்னாள்.

"மெட்ராஸ்ல ஒரு அக்கா கீறாங்க. புதுசா பாட்டு பண்றவங்களோடத வெளிய வுடறாங்க. சின்ன கம்பெனிதான். நான் அனுப்புன துண்டு ஒண்ண கேட்டுட்டு, முளுப் பாட்டா வர சனிக்கெளமைக்குள்ள அனுப்புன்னாங்க. ரெண்டு வருசமா வூட்ல உக்காந்து பண்ணிக்கினு இருந்தது. ஒர்த்தருக்கும் போட்டு காட்டல."

"அப்ப அனுப்ப வேண்டியதுதான?"

"பயமா கீதுணா. நீ பஸ்ல போடு. யாருதுன்னு மட்டும் சொல்லாத. சொன்னா பாசத்துக்கு தலைய ஆட்டுவாங்க. பஸ்ஸு ஆடுச்சின்னா அனுப்புறேன். ஆடலன்னா அழிச்சிட்டு வேற வேலைய பாக்குறேன். அவ்ளோதான்."

சரி என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. ஒரு பெண்ணின் இரண்டு வருஷ உழைப்பைக் கையில் வாங்கிக்கொண்டு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத் தூங்கினவன் நான்.

திங்கட்கிழமை உத்திரமேரூரைத் தாண்டியதும் பாட்டைப் போட்டேன். நல்ல ரோடு, குலுங்காது. முதலில் நாலு அடி, தும் தும் தும் தும். அட, அதே சத்தம் என்று நினைத்தேன். அப்புறம் கீபோர்டு ஏறியது. அப்புறம் குரல். சுகிர்தாவின் குரலை மெஷினுக்குள் போட்டு எடுத்திருந்தாள், ஆனால் இந்த மெஷினுக்குள்ளிருந்து வந்த வார்த்தை ஒவ்வொன்றும் புரிந்தது.

"எழுந்திரு கண்ணு, லைட்டு பச்சையாச்சு..."

கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒரு விளக்கு இருக்கிறதாம். வேலை ஓடினால் பச்சை, எங்கேயாவது சிக்கினால் சிவப்பு. அந்த விளக்கை வைத்துப் பாட்டு கட்டியிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு இயர்போன் இறங்கியது. இன்னொன்று இறங்கியது. நாலாவது சீட்டில் தமிழ்ச்செல்வி ஜன்னலில் சாய்ந்திருந்த தலையை நிமிர்த்தினாள். எனக்கே கால் ஆக்சிலேட்டரில் தாளம் போடப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அது வந்தது. "லைட்டு பச்... பச்... பச்... பச்..."

பாட்டு செட்டு சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். நினைக்கிறதுக்கு முன்பே என் கை போய்விட்டது. உள்ளங்கையை விரித்து செட்டின் தலையில் ஓங்கி ஒரு அடி. பென்டிரைவ் கழன்று என் காலடியில் விழுந்தது. செட்டு தானாக எஃப்.எம்முக்குத் தாவி, முட்டிவலித் தைல விளம்பரத்தைப் பஸ் முழுக்க அலறவிட்டது.

பஸ் சிரித்தது. இளவரசி கடைசி சீட்டிலிருந்து கத்தினாள். "இன்னாணா, பாட்டுக்கு விக்கல் எடுத்துகிச்சா? தண்ணி குடு!"

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பென்டிரைவைக் குனிந்து எடுத்துத் திரும்பச் சொருகப் போனேன். கண்ணாடியில் சுகிர்தா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். ஒரகடம் வரைக்கும் தைலமும் புடவைக்கடையும்தான் ஓடின.

சாயங்காலம் பஸ் எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டாள். நான் முந்திக்கொண்டேன்.

"உன் பென்டிரைவு மாட்டிக்கிச்சு சுகிர்தா. எம்மேல தப்பு இல்ல."

"மாட்டிக்கலணா. நான்தான் அப்படி வச்சேன்."

"இன்னாத்துக்கு?"

"அந்த மாதிரி பாட்டுல அப்படித்தான வரும்? சின்னப் புள்ளைல கேட்டுகீறேனே. அம்மா நடவுக்கு போவசொல்லோ என்னையும் இட்டுகினு போவும், மினி பஸ்ல. நீ கூட விசில் வச்சிகினு படில நிப்பியே. ஒரு பாட்டு தெனைக்கும் போடுவீங்க. பேரு தெரியல, எவ்ளோ தேடியும் கெடைக்கல. ஆனா எனக்கு அப்படியே ஞாபகம் கீது."

பாடிக் காட்டினாள். இரண்டு வரிதான். எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு நடை, இரண்டு வருஷம், ஒரே சீடி. அவள் சரியாக ஒரு இடத்தில் "ஏ... ஏ... ஏ... ஏ..." என்று திக்கிக் காட்டினாள். நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அடக்கமுடியாத சிரிப்பு.

"ஐயோ, அது பாட்டுல இல்லம்மா! அது கலங்கல் பள்ளம்!"

உத்திரமேரூருக்குக் கொஞ்சம் முன்னால், ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலங்கல் ஒன்று இருக்கிறது. அங்கே ரோடு சட்டென்று இறங்கி ஏறும். எத்தனை தடவை தார் போட்டாலும் அந்தப் பள்ளம் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை. மினி பஸ் அதில் இறங்கினால் சீடி குதிக்கும், குதித்தால் அதே இடத்தில் திக்கும். சின்னப்பிள்ளை அதைத் தினமும் கேட்டு, பாட்டே அப்படித்தான் என்று இருபது வருஷம் நம்பியிருக்கிறது. இதை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கிச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நெசமாவே அந்தப் பாட்டுல அது இல்லியா?"

"இல்லவே இல்ல."

"அந்த விக்கலுக்கு அப்பால ஒரு சத்தம் வரும்ணா. டமாருன்னும் இல்ல, டப்புன்னும் இல்ல. வயித்துல வந்து வுளும். ரெண்டு வருசமா தேடிப் பாத்தேன், எந்த டிரம்லயும் அது இல்ல. கை தட்டி பாத்தேன், கதவ தட்டி பாத்தேன். வரல. அதான் அந்த எடத்த வெறுமனே வுட்டுட்டேன். அதுவும் பள்ளமா?"

"பஸ்ஸு எகிறுன சத்தமா இருக்கும். அத எங்க போயி தேடுவ?" என்று சொல்லி இன்னொரு தடவை சிரித்தேன்.

"லூசு மாதிரி ஒரு பள்ளத்த போயி பாட்டுல வச்சிகீறேன்," என்றாள். சீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் பஸ்ஸைக் கம்பெனி ஓரமாக வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கிடந்தேன். மற்ற டிரைவர்கள் ஒரு பக்கம் தூங்கினார்கள், ஒரு பக்கம் சீட்டாடினார்கள். முந்தின நாள் அவளிடம் சிரித்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பென்டிரைவைச் சொருகிப் பாட்டை முதலிலிருந்து போட்டேன்.

இனி சொல்வதை மிகையென்று நினைக்காதீர்கள். அந்தப் பாட்டைப் பதினாலு தடவை கேட்டேன்.

பழைய சத்தத்தைத்தான் எடுத்திருந்தாள், ஆனால் அதைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. அந்தக் காலத்துப் பாட்டில் அடி ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் நம் மண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கும். இவள் அதற்குக் கடிவாளம் போட்டிருந்தாள். பாட ஆரம்பிக்கும்போது அடி ஒதுங்கி வழிவிட்டது. கீச்சென்று ஏறுகிற கீபோர்டு அங்கங்கே சபைப்பாட்டு மாதிரி மெதுவாக இறங்கி வந்தது. எனக்குப் பாட்டு நுணுக்கமெல்லாம் தெரியாது. ஆனால் சமையலில் கை தெரிகிற மாதிரி இதில் ஒரு கை தெரிந்தது.

அந்த விக்கல் இருக்கிறதே, அதுதான் பாட்டின் உயிர். நாலு தடவை திக்கும். அப்புறம் ஒரு நொடி எதுவுமே இருக்காது. அந்த ஒரு நொடியில் என் நெஞ்சு எதையோ எதிர்பார்த்து நிற்கும். அப்புறம் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து விழும். பாட்டில் அது மூன்று இடத்தில் வந்தது. பதினாலு தடவையும் மூன்று இடத்திலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதற்குப் போய்ச் சிரித்தோமே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பள்ளம் தந்ததாக இருந்தால் என்ன? பாட்டுக்குள் அதை எங்கே வைக்கவேண்டும் என்று பள்ளமா சொன்னது?

இதைச் சாயங்காலம் சொல்லலாம் என்றால் அவள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வேறு பஸ்ஸில் போய்விட்டாள். புதன்கிழமை காலை ஏறும்போதே இன்னொரு பென்டிரைவைக் கையில் திணித்தாள்.

"சரி பண்ணிட்டேன்ணா. விக்கலெல்லாம் எடுத்தாச்சு. இத போடு."

பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சொன்னதைச் செய்தேன். பாட்டு நன்றாகத்தான் ஓடியது. எங்கேயும் சிக்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. கண்ணாடியில் இரண்டு இயர்போன் இறங்கியது, பாட்டு முடிவதற்குள் இரண்டும் திரும்ப ஏறியது. தமிழ்ச்செல்வி கொட்டாவி விட்டாள். இளவரசி கண்ணையே திறக்கவில்லை. மூன்றாவது சீட்டிலிருந்து சுகிர்தாவும் அதே கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் கண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை.

சாயங்காலம் பென்டிரைவைத் திருப்பிக் கேட்டாள்.

"ஆடலணா. சொன்னா சொன்னதுதான். அனுப்பல."

"இதோ பாரு சுகிர்தா, மொதல்ல வச்சிருந்தியே, அதுதான் சோக்கா இருந்துச்சு. நேத்து பூரா கேட்டேன்."

"சிரிச்சியேணா," என்றாள்.

இரண்டாவது பென்டிரைவைக் கொடுத்தேன்.

"மொதல்ல குடுத்தது?"

"வூட்ல வச்சிட்டேன்," என்றேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வியாழக்கிழமை யோசித்து வெள்ளிக்கிழமைக்கு ஒரு திட்டம் போட்டேன். பஸ்ஸில் பாதிப்பேர் முப்பத்தைந்து தாண்டியவர்கள். எல்லோரும் என் மினி பஸ்ஸில் வந்தவர்கள்தான், இளவரசி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். கலங்கல் பள்ளத்தில் பஸ் இறங்குகிற நேரமும் பாட்டு விக்குகிற நேரமும் ஒன்றாக அமைந்தால், பழைய ஞாபகம் வந்து பஸ் எழுந்துவிடும். பாட்டு ஆரம்பித்து முதல் விக்கல் வர ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. பள்ளத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வேலுக்கடைப் புளியமரத்தில் பாட்டைப் போடவேண்டும். அவளிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அதனால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறைந்தது. புளியமரம் வந்தது. பென்டிரைவைச் சொருகினேன். தும் தும் தும் தும். அதே நேரம் பக்கத்து வயலிலிருந்து நெல் அறுக்கிற மெஷின் ஒன்று ரோட்டில் ஏறியது. ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு என் முன்னால் ஊர்ந்து போனது. ஹாரன் அடித்தேன். அது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. பள்ளம் இன்னும் அரை கிலோமீட்டர். பாட்டு ஒரு நிமிஷம் தாண்டிவிட்டது. என் திட்டம் கண்ணெதிரே பாழாகிக்கொண்டிருந்தது.

சுகிர்தாவுக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ணா, நிறுத்துணா!"

"உக்காரும்மா, பஸ்ஸு ஓடுது."

"உன்ன யாரு போட சொன்னது? நிறுத்துணா, மறுபடியும் சிரிப்பாங்க!"

என் தோளுக்கு மேலே கையை நீட்டினாள். விரல் பென்டிரைவைத் தொட்டது. அப்போது பாட்டு திக்கியது. பஸ் வழவழப்பான ரோட்டில், நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆட்டம் இல்லை, குலுக்கல் இல்லை.

"லைட்டு பச்... பச்... பச்... பச்..."

தொம்!

பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து ஒரு அடி விழுந்தது. ஒரு கை இல்லை, பத்துப் பன்னிரண்டு கை, ஒரே நேரத்தில், பஸ்ஸின் தகரத்தில். பாட்டு அந்த அடிக்காகவே காத்திருந்தது போல வெடித்துக்கொண்டு கிளம்பியது.

கண்ணாடியில் பார்த்தேன். இளவரசியின் கண் இன்னும் பாதி மூடியே இருந்தது. அவள் கை மட்டும் தலைக்கு மேலே தகரத்தில் விரிந்து பதிந்திருந்தது. தமிழ்ச்செல்வியின் கை ஜன்னல் ஓரத்தில். யார் தட்டியது என்று அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மினி பஸ்ஸில் சீடி திக்கினால் நான் படியிலிருந்து "தட்டு!" என்று கத்துவேன். அந்தப் பஸ்ஸில் செட்டு மேலே கூரையில் பொருத்தப்பட்டிருந்தது. நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கூரைத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார்கள், பாட்டு ஓடும். தினமும் நாலு நடை. இவ்வளவு வருஷம் கழித்துத் திங்கட்கிழமை காலை என் கை தானாகச் செட்டின் மேல் போனதே, அது வேறு எங்கிருந்து போயிற்று? கத்தினவன் நான். நானே மறந்துவிட்டு, பஸ் எகிறின சத்தம் என்று அந்தப் பெண்ணிடம் எகத்தாளம் பேசியிருக்கிறேன்.

சுகிர்தாவின் கை செட்டின் மேலேயே நின்றுவிட்டது. அவள் மெதுவாகப் பின்பக்கம் திரும்பினாள்.

"அதாண்ணா," என்றாள். "அந்த சத்தம்."

இரண்டாவது விக்கல் வருவதற்குள் இளவரசி முழுக்க விழித்துவிட்டாள். "ஏய், எல்லாரும் தட்டுங்கடி! தட்டலன்னா ஓடாது!" என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இந்தத் தடவை இருபது கை. மூன்றாவது விக்கலுக்கு, மினி பஸ்ஸைக் கண்ணால்கூடப் பார்க்காத இருபது வயதுப் பிள்ளைகளும் இயர்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கையை ஓங்கிக் காத்திருந்தார்கள். தொம்! என் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸே அதிர்ந்தது. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நிற்பவர்களை நான் திட்டுவது வழக்கம். அன்றைக்கு வாயே வரவில்லை. நடைபாதையில் ஏழெட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. "யாருதுணா இந்த பாட்டு? ரொம்ப பளசா, புதுசா?" என்று இளவரசி கேட்டாள்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சுகிர்தாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னுதுக்கா," என்றாள். "நான்தான் பண்ணேன்."

இளவரசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னுதா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னும் இன்னாணா வேடிக்க பாத்துகினு கீற? மறுக்கா போடு!"

பாராட்டு என்றால் அதுதான். பதினோரு வருஷத்தில் எந்தப் பாட்டையும் இளவரசி உடனே மறுபடி கேட்டதில்லை. சுகிர்தா அவசரமாகச் செல்போனை எடுத்து ரெக்கார்டைத் தட்டி, பஸ்ஸின் நடுவில் போய் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டை மறுபடி போட்டேன். அறுப்பு மெஷின் பக்கத்து வயலில் இறங்கி வழிவிட்டது. கியர் மாற்றி வேகம் எடுத்தேன். முதல் விக்கல் வந்தது. எனக்கும் தட்டவேண்டும் போலிருந்தது. கியரிலிருந்து கையை எடுத்து டாஷ்போர்டில் அடிப்பதற்குள் எல்லோரும் அடித்து முடித்துவிட்டார்கள். என் அடி தனியாக, பிந்தி, அசட்டுத்தனமாக விழுந்தது.

கலங்கல் பள்ளம் வந்தது. பஸ் எகிறி இறங்கியது. பாட்டு எகிறவில்லை, யாரும் பள்ளத்தைக் கவனிக்கவும் இல்லை. ஒரகடத்தில் கம்பெனி கேட்டையும் நான் கவனிக்கவில்லை. கேட்டைத் தாண்டி அரை கிலோமீட்டர் போய்விட்டேன், நாற்பத்து நாலு பேரில் ஒருத்திகூடச் சொல்லவில்லை. திரும்பி வந்து நுழைந்தபோது ஆறு நிமிஷம் லேட். செக்யூரிட்டி காரணம் கேட்டார். அறுப்பு மெஷின் மேல் பழியைப் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பஸ்ஸுக்கு முதல் ஆளாக வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. ஒரு இயர்போனை என் காதில் வைத்தாள், இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி நீ ஒரு தபா கேளுணா."

கேட்டேன். விக்கல் வந்தது. வெறுமையாக இருந்த அந்த ஒரு நொடியில் இப்போது என் பஸ் இருந்தது. நாற்பது கை ஒன்றாகத் தகரத்தில் விழுந்தது, அவள் சொன்ன மாதிரியே வயிற்றில் வந்து இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அதற்கு அடுத்து, அரை நொடி பிந்தி, ஒற்றையாக ஒரு சின்ன அடி.

"இது யாரு, லேட்டா ஒரு தட்டு வுளுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் தெரிந்தது. "ஐயோ, நானா? அத எடுத்துரும்மா. ஒருதபா தட்டி உன் பாட்ட கெடுத்தது போதாதா?"

"எடுத்து பாத்தேன்ணா."

"அப்புறம்?"

"அது இல்லன்னா ஓடல," என்று சொல்லிவிட்டு, என் கண்முன்னாலேயே விரலை வைத்து அனுப்பினாள்.